முதல் கட்டத்தில் எழுதிய பெயர்

சேக்காடு, ஆவடி
12.9.1993

மதிப்புக்குரிய சைனம்பு அம்மாவுக்கு,

சேக்காடு சின்னப்பையன் எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது இல்லை இது. பக்கத்து வீட்டுத் தாயம்மா மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்தே, கலெக்டர் வேலைக்கு எழுதிப் போடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளும் என் எழுத்து வகுப்புதான். பொறாமை.

கடிதம் தொடங்கும்போது நலம் என்று எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார்கள். நலமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். முட்டி வலி இருக்கிறது. ஆனால் இந்த வரியை எழுதி முடித்ததும் நலமாகத்தான் இருக்கிறது.

என்னை நினைவிருக்கிறதோ என்னவோ. போன மாதம் எங்கள் அறிவொளி வகுப்புக்கு வந்தீர்கள். அரசாங்கப் படிவங்களை ஜனங்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறேன், இது பரீட்சை இல்லை, தப்பு வந்தால் அது படிவத்தின் தப்பு, உங்கள் தப்பு இல்லை என்று சொன்னீர்கள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எந்த ஆபீசிலும் எங்களிடம் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த கிழவன் நான்தான். பெயர் கேட்டீர்கள். சின்னப்பையன் என்றேன். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டீர்கள். அடக்க வேண்டாம். இந்த வயதில் சின்னப்பையன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்.

போகும்போது எல்லாருக்கும் உங்கள் திருச்சி விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் கொடுத்தீர்கள். படிவத்தில் எங்கே தடுக்கியது என்று எழுதச் சொன்னீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவியவன். பெட்டியில் எழுதியிருந்த எழுத்தையெல்லாம் கழுவினேன், ஒன்றையும் படித்ததில்லை. இப்போது ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து படிக்கிறேன். ‘பெண்கள்’ என்று எழுதிய பெட்டி வந்து நிற்கிறது. அடடே, நீதானா அது என்று தோன்றுகிறது. ரொம்ப நாள் பழகியவனின் பெயரை இப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரி.

நீங்கள் எங்களிடம் கொடுத்தது ரேஷன் கார்டில் பெயர் நீக்கும் படிவம். என் பெண்சாதி வேம்புலியம்மாள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏன் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். நேரம் இல்லை என்றேன். நீங்களும் நோட்டில் குறித்துக்கொண்டீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். எனக்கு நேரம்தான் நிறைய இருக்கிறது. காரணம் வேறே. அதை எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் கை பழகவில்லை.

எங்கே தடுக்கியது என்றால், ‘நீக்கம்’ என்ற சொல்லில் தடுக்கியது.

இப்படிக்கு
சின்னப்பையன்
(கையெழுத்து என்னுடையதுதான்)


பணிபுரியும் மகளிர் விடுதி, திருச்சி
27.9.1993

பெரியவர் சின்னப்பையன் அவர்களுக்கு,

வணக்கம். சேக்காட்டிலும் மேனாம்பேட்டிலும் நான் கொடுத்துவிட்டு வந்த கவர்களில் திரும்பி வந்தது உங்களுடையது ஒன்றுதான். அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டினேன். இயக்குநர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு லெட்டரை வச்சுக்கிட்டு ரிப்போர்ட் எழுத முடியாதும்மா" என்றார். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

‘நீக்கம்’ என்ற சொல் கடினமாக இருக்கிறதா? ‘பெயர் எடுத்தல்’ என்று மாற்றினால் எளிதாக இருக்குமா? எழுதுங்கள். ‘நேரம் இல்லை’ என்பதை அடித்துவிட்டேன். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

இறந்தவர் பெயரை மக்கள் விட்டுவைப்பது அவர் பங்குச் சர்க்கரைக்காகத்தான் என்று எங்கள் கோப்பில் இருக்கிறது. அது மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதைக் கோப்பில் எழுத முடியாது.

புதிய படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் தயாரித்தது. உங்கள் பகுதியில்தான் முதலில் புழக்கத்துக்கு விடுகிறார்கள். இறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம், அக்கம்பக்கத்தில் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று மாற்றியிருக்கிறேன். அதற்கே பெரிய சண்டை போட வேண்டியிருந்தது.

ஒரு முக்கியமான செய்தி. வரும் ஏப்ரலில் கார்டு சோதனை இருக்கிறது. குடும்பத் தலைவர் கார்டுடன் நேரில் வந்து நிற்க வேண்டும். இறந்தவர் பெயர் இருந்தால் கார்டையே ரத்து செய்வார்கள். அதற்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நானும் ஒரு படிவம் பாக்கி வைத்திருக்கிறேன். இந்த விடுதிப் பதிவேட்டில் ‘அவசரத்தில் தகவல் தெரிவிக்க வேண்டியவர்’ என்று ஒரு கட்டம். வார்டன் அம்மா வாரம் தவறாமல் கேட்கிறார். நேரம் இல்லை என்று சொல்லிவருகிறேன்.

இப்படிக்கு
த. சைனம்பு


சேக்காடு
10.10.1993

சைனம்பு அம்மாவுக்கு,

சொல் புரிந்தது அம்மா. புரிந்ததுதான் கஷ்டம்.

ஷெட்டில் பெட்டிகளின் மேல் கண்டதையும் கிறுக்கி வைத்திருப்பார்கள். நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். நாங்கள் ஆசிட் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்ப்போம். சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். அங்கே எழுத்து இருந்ததே தெரியாமல் போனால்தான் தலையாட்டுவார். எடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். நீங்கள் நீக்கம் என்று போட்டாலும் எடுத்தல் என்று போட்டாலும் பிரஷ் ஒன்றுதான்.

இப்போது காரணத்தை எழுதுகிறேன். இந்தப் பத்தியை எழுத மூன்று நாள் ஆனது.

வேம்புலியம்மாளுக்கு போட்டோ கிடையாது. திருவேற்காடு கோயிலுக்குப் போனபோது போட்டோ பிடிக்கலாமா என்றேன். "மூஞ்சிய ஊட்லயே பாத்துக்கோ, துட்டு மிச்சம்" என்றாள். எங்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது. கல்யாணமான புதிதில் என் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டாள். குத்தினவன் சரியாகக் குத்தினானா என்று இருவருக்கும் தெரியாது. வேறு யார் பெயரையாவது குத்திவிட்டானோ என்று சொல்லிச் சிரிப்போம். இன்றைக்கு அந்தக் கை இருந்தால் படித்துச் சொல்லியிருப்பேன்.

வகுப்பில் ‘வே’ படித்த அன்று வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டைப் பிரித்தேன். என் பெயருக்கு அடியில் இருந்தாள். நீளமான பெயர் அவளுக்கு. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசியில் ‘ள்’ வந்ததும் சத்தமாகக் கூப்பிட்டேன் போல. தாயம்மா ஓடி வந்துவிட்டாள்.

எங்களுக்கு நிலம் இல்லை, பத்திரம் இல்லை. பிள்ளையும் இல்லை. அவள் பெயர் எழுதியிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அதை எடுத்துவிடுங்கள் என்று நானே என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமா? இதற்கா எழுதப் படித்தேன்?

சர்க்கரை விஷயம். அவள் பங்கை வாங்குகிறேன். மறைக்க மாட்டேன். டீயில் போட்டுக்கொள்கிறேன். அவள் இருந்தவரைக்கும் எனக்கு இனிப்பு குறைவாகத்தான் போடுவாள். கோப்பில் வேண்டுமானால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விடுதிக் கட்டத்தில் யாரையாவது எழுதிவிடுங்கள் அம்மா. வார்டனிடம் வம்பு எதற்கு?

இப்படிக்கு
சின்னப்பையன்


திருச்சி
24.10.1993

ஐயா,

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஏப்ரல் சோதனையை மறந்துவிடாதீர்கள். கார்டு ரத்தானால் அவர் பெயரும் போய்விடும், உங்கள் அரிசியும் போய்விடும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியுமே. அந்தப் பெயரை நல்ல தாளில் நீங்களே அழகாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா?

படிவத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இதை அதிகாரியாகச் சொல்லவில்லை.

சைனம்பு


சேக்காடு
21.11.1993

சைனம்பு அம்மாவுக்கு,

சுவரில் எழுதி ஒட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுதினால் அது நான் சொல்வது. கார்டில் இருப்பது சர்க்கார் எழுதியது. அவள் இருந்தாள் என்று முன்பின் தெரியாத ஒருவன் மை தொட்டு எழுதியிருக்கிறான். அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இருந்தாலும் நீங்கள் சொன்னதால் படிவம் கொடுத்துவிட்டேன். கொடுத்த கதையைக் கேளுங்கள்.

குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் படிவம் நல்ல படிவம். கட்டமெல்லாம் பெரிதாக இருந்தது, என் எழுத்து உள்ளே அடங்கியது. முதல் கட்டத்தில் ‘பெயர்’ என்று இருந்தது. டீச்சர் எத்தனை தடவை எழுத வைத்திருக்கிறார்கள்! பெயர் என்று எங்கே பார்த்தாலும் தயங்கக் கூடாது, எழுதிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தயங்காமல் எழுதினேன். வயது, தெரு எல்லாம் எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை.

சாட்சிக் கையெழுத்துக்குத் தாயம்மாவைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க போடணும் அண்ணாத்தே?"

"இங்க."

"தள்ளிக்கோ, வெளிச்சத்த மறைக்காத. இத்தினி நாளா சிலேட்லயே போட்டுகினு இருந்தேன். பேப்பர்ல போடுறது இதான் மொதோ தபா."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். போட்டு முடித்ததும் தூரத்தில் பிடித்து அழகு பார்த்தாள். "இன்னும் எங்கனா போடணுமா?" என்று கேட்டாள். இன்னொரு சாட்சி கோவிந்தன், அவனும் எங்கள் வகுப்பு. தாயம்மா போட்டதைப் பார்த்துவிட்டு அவளைவிடப் பெரிதாகப் போட்டான்.

ரேஷன் ஆபீசில் கொடுத்ததும் முத்திரை குத்தி, கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. பஸ்ஸில் ஒரு போர்டும் படிக்கவில்லை.

இப்படிக்கு
சின்னப்பையன்


சேக்காடு
12.12.1993

சைனம்பு அம்மாவுக்கு,

ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. சிரிக்காமல் படிக்க வேண்டும்.

ரேஷன் கடைக்குப் புது கார்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். எடை போடும் உலகநாதன் கார்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்.

"இன்னா நைனா, நீ பூட்டியா?"

"எங்க?"

"மேல."

"இன்னாடா சொல்ற?"

"ஒன் பேரு இல்ல நைனா. எடுத்துக்கீறாங்க. குடும்பத் தலைவர் வேம்புலியம்மாள்னு போட்டுக்கீது. ஊட்ல அது ஒண்டிதான் கீது. நீ செத்தாச்சு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் செத்ததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவள்தானே. "ஐயோ, நானா? நான் நல்லாத்தானே போட்டேன்" என்று அழுதுவிட்டாள். நான்தான் சமாதானம் செய்தேன்.

தலைவர் போய்விட்டதால் பழைய கார்டை வைத்துக்கொண்டு புதிது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். என் பெயர் இருந்த அடையாளமே இல்லை. பிரஷ் போட்டது போலத்தான். ஆனால் அம்மா, அவள் பெயர் முதல் வரியில் இருக்கிறது! புது மை, நல்ல கையெழுத்து. குடும்பத் தலைவர். உயிரோடு இருந்தபோதும் அவள்தான் தலைவர், இப்போது சர்க்காரும் ஒப்புக்கொண்டது.

உலகநாதன் நல்லவன். "பாட்டி அனுப்பிச்சுதுன்னு எழுதிக்கிறேன், ஏப்ரல்ல இன்னா பண்ணுவியோ" என்று சொல்லி அரிசி போட்டான்.

நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. நீங்கள் அதைத் திருத்த வேண்டாம். திருத்தினால் அவள் போய்விடுவாள்.

இப்படிக்கு
சின்னப்பையன் (இருக்கிறேன்)


திருச்சி
24.12.1993

பெரியவர் சின்னப்பையன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் படிவம் எங்கள் கூட்டத்துக்கு வந்துவிட்டது. இயக்குநர் எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். சைனம்புவின் எளிய படிவம் உயிரோடு இருப்பவரைக் கொன்றுவிட்டது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கிச் செய்த வேலை ஒரு சிரிப்பில் முடிந்தது. எங்கள் பிரிவை மூடிவிடலாமா என்று பேசுகிறார்கள்.

படிவத்தின் தலைப்பில் ‘நீக்கப்பட வேண்டியவர் விவரம்’ என்று தெளிவாகப் போட்டிருந்தேன். அதற்கு அடியில்தான் ‘பெயர்’. படிக்கத் தெரிந்த பிறகும் இப்படிப் படிக்காமல் எழுதலாமா? இல்லை, தெரிந்தேதான் உங்கள் பெயரை எழுதினீர்களா? சாட்சி போட்டவர்களாவது ஒரு வரி படித்திருக்கக் கூடாதா?

உடனே ஆபீசுக்குப் போய்த் திருத்தம் எழுதிக் கொடுங்கள். இதில் விளையாட வேண்டாம்.

த. சைனம்பு


சேக்காடு
2.1.1994

அம்மாவுக்கு,

தப்பு வந்தால் படிவத்தின் தப்பு என்று சொன்னவர் நீங்கள். அதை நம்பித்தான் பேனாவைத் தொட்டேன்.

தெரிந்தே எழுதவில்லை. பெயர் என்று இருந்தது, என் பெயரை எழுதினேன். அவள் பெயரைக் கார்டைப் பார்த்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். என் பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் கட்டத்திலும் நான் எழுதியதில்லை.

தாயம்மா வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நீங்கள் எழுதியதை அவளிடம் நான் சொல்லவில்லை. இருந்தும் நிறுத்திவிட்டாள்.

எனக்குப் படிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டது என் தப்பு. அதனால் கீழே பழையபடி.

(இடது பெருவிரல் ரேகை)


திருச்சி
20.2.1994

ஐயா,

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. பதில் வராவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் ரேகையைப் பார்த்தேன். மை அதிகமாகி, கோடுகள் தெரியாமல், கறுப்பாக இருந்தது. எத்தனையோ ஆயிரம் படிவங்களில் பெருவிரல் ரேகை பார்த்திருக்கிறேன். அன்று வேலை ஓடவில்லை.

அந்தத் தப்பு படிவத்தின் தப்புதான். படிவம் என்னுடையது, அதனால் என் தப்பு. உங்கள் பகுதி ஆபீசுக்கு ஜனவரியில் நேரில் போனேன். சேக்காடு வரைக்கும் வந்துவிட்டு, உங்கள் தெருவுக்குள் வரத் தைரியம் இல்லாமல் ரயில் ஏறிவிட்டேன். அந்த ஆபீசில் இன்னும் சிலர் உங்களைப் போலவே தங்களைத் தாங்களே நீக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் புதிதாக எழுதப் படித்தவர்கள். முதல் கட்டத்தில் பெயர் என்று கேட்டால் வேறு யாருடைய பெயரை எழுதுவார்கள்? இதை எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிரிவை மூடும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

இன்னொன்று. பிரஷைப் பற்றி நீங்கள் அக்டோபரிலேயே எழுதியிருந்தீர்கள். அதை நான் துக்கம் என்று படித்தேன். கேள்வி என்று படிக்கவில்லை. நீக்கினால் கார்டில் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் உங்களிடமும் சொல்லவில்லை, எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஐயா, தலைவர் பெயர் போனால்தான் புது கார்டு. மற்றவர் பெயரை அழிக்க மாட்டார்கள், சுரண்ட மாட்டார்கள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார்கள். அவ்வளவுதான். கோட்டுக்கு அடியில் பெயர் இருக்கும்.

உங்கள் பழைய கார்டு ஆபீசில் பத்திரமாக இருக்கிறது. புது கார்டைக் கொடுத்துவிட்டு அதையே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எழுத்து மூலம் உத்தரவு வாங்கியிருக்கிறேன். இத்துடன் இருப்பது மாற்றிய படிவம். முதலில் ‘எழுதிக் கொடுக்கும் உங்கள் பெயர்’. பிறகு ஒரு கோடு விட்டு, ‘இறந்தவர் பெயர்’. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘கார்டில் பெயர் அழிக்கப்படாது, ஒரு கோடு மட்டும் போடப்படும்.’ இந்த வரி வீண் என்றார்கள். விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எனக்குக் கல்யாணமானபோது பூந்தமல்லியில் நான் பிறந்த அத்தா வீட்டுக் கார்டில் என் பெயருக்கு அப்படி ஒரு கோடு போட்டார்கள். வாணியம்பாடியில் கணவர் வீட்டுக் கார்டில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். சேர்ப்பதற்குள் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். அத்தா இப்போது இல்லை. அது அண்ணன் வீடு. இன்றுவரை நான் எந்தக் கார்டிலும் இல்லை. நீங்கள் இறந்தவராக இருந்தது மூன்று மாதம். நான் கொஞ்சம் கூடுதல்.

சைனம்பு


சேக்காடு
20.3.1994

சைனம்பு அம்மாவுக்கு,

உங்கள் முதல் இரண்டு கடிதங்களையும் இப்போதுதான் பிரித்தேன். கோபத்தில் பிரிக்காமல் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒரே நாளில் மூன்று கடிதம் படித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு படித்ததில்லை. கண் வலித்தது.

படிவத்தைத் தாயம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். "சாட்சி போடணும்" என்றேன். "போய்யா, ஒரு தபா கொன்னது போதாதா?" என்றாள். படித்துவிட்டுப் போடு என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். வாசலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் படித்தாள். சோறு ஆறிப்போனது. கடைசி வரிக்கு வந்ததும், "அழிக்க மாட்டாங்களாமே, கோடு ஒண்டிதானாம்" என்று எனக்கே சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். வகுப்புக்கும் வருகிறாள்.

ஆபீசில் என் முன்னால்தான் செய்தார்கள். பழைய கார்டை எடுத்தார்கள். என் பெயர் அப்படியே இருந்தது. அந்த ஆள் ஸ்கேலை வைத்தார். நான், "மெல்லமா போடு சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஸ்கேலை எடுத்துவிட்டு, பேனாவை லேசாகப் பிடித்துக் கையாலேயே இழுத்தார். கோடு கொஞ்சம் கோணல். ‘ள்’ மேல் கோடு படவே இல்லை.

கோட்டுக்கு அடியில் படிக்க வருகிறது அம்மா. நன்றாகவே வருகிறது.

படிவத்தில் ‘இறந்தவர் பெயர்’ என்ற கட்டத்தில் நான்தான் எழுதினேன். வேம்புலியம்மாள். முதல் தடவையாகச் சர்க்கார் காகிதத்தில் என் பெயரைத் தவிர இன்னொரு பெயர். அவள் பங்குச் சர்க்கரை இனி இல்லை. டீ மறுபடியும் அவள் போடுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம் கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. என் கார்டில் இப்போது நான் ஒருவன்தான். கீழே இடம் காலியாக இருக்கிறது. பெயர் சேர்க்கும் படிவம் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். உங்கள் பெயரை எழுதட்டுமா?

உங்கள்
சின்னப்பையன்


திருச்சி
3.4.1994

அன்புள்ள ஐயா,

எழுத வேண்டாம்.

அந்தக் கார்டில் இருக்க வேண்டும் என்றால் அந்த வீட்டில் இருக்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன். பொய்யாக எழுதினால் அடுத்த சோதனையில் கார்டு போய்விடும். அந்தக் கார்டு போகக் கூடாது. உங்களுக்கே தெரியும்.

ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று நான் விடுதிப் பதிவேட்டை வாங்கினேன். வார்டன் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘அவசரத்தில் தகவல் தெரிவிக்க வேண்டியவர்’ என்ற கட்டத்தில் உங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன். உங்களைக் கேட்காமல் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு உடம்பு முடியாமல் போனால் சேக்காட்டுக்குத் தந்தி வரும். வந்தால் பயப்படாதீர்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தெரிந்தால் போதும்.

பக்கத்தில் ‘உறவு’ என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதில் பேனா நின்றுவிட்டது. கடைசியில் ‘எனக்குக் கடிதம் எழுதுபவர்’ என்று எழுதினேன். இடம் போதாமல் எழுத்து வெளியே போய்விட்டது.

"இதெல்லாம் ஒரு உறவா சைனம்பு?" என்றார் வார்டன் அம்மா.

"கட்டம் சின்னதா இருக்கு மேடம்" என்றேன்.

சோதனைக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

சைனம்பு


சேக்காடு
17.4.1994

சைனம்பும்மா,

சோதனை முடிந்தது. குடும்பத் தலைவர் சின்னப்பையன் யார் என்று கூப்பிட்டார்கள். நான்தான் என்று உரக்கச் சொன்னேன். உயிரோடு இருக்கிறேன் என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

உங்கள் கட்டத்தில் என் பெயர் இருப்பது சந்தோஷம். தந்தி வந்தால் யாரிடமும் கொடுக்காமல் நானே படிப்பேன். அனுப்பும் வேலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத்தான் அப்படி ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. அதனால் உங்கள் விலாசத்தை ஒரு தாளில் எழுதித் தாயம்மாவிடம் கொடுத்தேன்.

"இன்னாது, கையெழுத்துப் போடணுமா?"

"வேணாம். வச்சிக்கோ."

நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தாள். இப்போதெல்லாம் எதைக் கொடுத்தாலும் படிக்காமல் வாங்குவதில்லை. "ஒனக்கு எதனா ஆச்சுன்னா இந்தம்மாவுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நான்தான எழுதணும்?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலையில் சிலேட்டோடு வந்து நின்றாள். என் பெயரை எழுதிப் பழகியிருக்கிறாள். ‘ப்’ மேல் புள்ளி வைக்கவில்லை, கடைசி எழுத்தும் சரியாக வரவில்லை. திருத்திக் கொடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அவளுக்கு.

மெதுவாகவே பழகு, அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

சின்னப்பையன்